ஜிடிபி கணக்கை எவ்வளவு நம்பலாம்? பெங்களூரிலிருந்து பார்த்தால்

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு விற்ற மென்பொருள், கால் சென்டர் வகைச் சேவைகளின் மதிப்பு சுமார் 870 கோடி டாலர் என்றது இந்தியா. அதே ஆண்டில் அதே வகைச் சேவைகளை இந்தியாவிடம் வாங்கியதற்கு 42 கோடி டாலர் என்றது அமெரிக்கா. விற்றவர் கணக்குக்கும் வாங்கியவர் கணக்குக்கும் இடையே இருபது மடங்கு வித்தியாசம். அமெரிக்க வேலைகளை இந்தியா பறிக்கிறது என்று அங்கே தேர்தல் மேடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்த எண்ணை வைத்துச் சண்டை போடுவது என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஜிடிபி, அதாவது ஓர் ஆண்டில் ஒரு நாடு உருவாக்கிய மதிப்பின் மொத்தக் கணக்கு, இப்படிப்பட்ட எண்களையும் சேர்த்துத்தான் போடப்படுகிறது.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ என்ற அமைப்பு இதை ஆராய்ந்து 2005 அக்டோபரில் ஓர் அறிக்கை கொடுத்தது. இரண்டு நாடுகளும் வேறு வேறு விஷயங்களை எண்ணிவிட்டு அவற்றுக்கு ஒரே பெயரை வைத்திருந்தன என்பதுதான் அதில் தெரியவந்தது. பொய் சொன்னார்கள் என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை.

உதாரணத்துக்கு, பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஒரு கம்பெனி பத்துப் பேரை நியூ ஜெர்சிக்கு ஆன்சைட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அங்கே செய்யும் வேலைக்கு வரும் பணம் முழுவதும் நம் கணக்கில் ஏற்றுமதி. அமெரிக்கக் கணக்கிலோ, ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டவர் அந்த ஊர்க்காரர். அவர் சம்பளம் அவர்களுக்கு உள்ளூர் வருமானம், இறக்குமதியில் சேராது. அடுத்தது, அமெரிக்கா சொன்ன 42 கோடியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கம்பெனிகளுக்கு இடையிலான வியாபாரம் மட்டுமே இருந்தது. தாய்க் கம்பெனிக்கு அதன் பெங்களூர்க் கிளை செய்யும் வேலை அதில் வரவில்லை. இந்தியா இரண்டையும் சேர்த்துச் சொன்னது. அமெரிக்காவுக்கு வெளியே கிளை வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனிக்கு அங்கேயே விற்றாலும் நம் கணக்கில் அது அமெரிக்காவுக்கான ஏற்றுமதிதான். மென்பொருளைக் கருவிக்குள் ஏற்றி அனுப்பினால் அமெரிக்கா அதைச் சரக்கு என்றது, நாம் சேவை என்றோம்.

கப்பலில் ஏறும் அரிசி மூட்டையைச் சுங்கத்துறை இரண்டு துறைமுகத்திலும் எண்ணிப் பார்க்கலாம். மாரத்தஹள்ளியில் ஒருவர் தட்டிய நிரலை எந்தத் துறைமுகத்தில் எண்ணுவது? ஏற்றுமதி செய்பவர் கொடுக்கும் படிவத்தையும் வங்கிக்கு வரும் பணத்தையும் நம்ப வேண்டியதுதான். ரிசர்வ் வங்கி இதற்காகவே மென்பொருள் ஏற்றுமதி பற்றி ஆண்டுதோறும் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது.

இது இருபது வருடத்துக்கு முந்தைய கதையாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் தாய்க் கம்பெனி, கிளைக் கம்பெனி விஷயம் அன்றைக்கு இருந்ததைவிட இன்று பல மடங்கு பெரிது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ள இங்கே வைத்திருக்கும் மையங்களை ஜிசிசி என்கிறார்கள். மென்பொருள் கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான சின்னோவும் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் இவை 1,700க்கு மேல். வேலை செய்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர், ஆண்டு வருவாய் 6,460 கோடி டாலர். இந்தியாவில் வேறெந்த ஊரையும்விட இவை பெங்களூரில்தான் அதிகம். காலையில் வெளிவட்டச் சாலையில் நிற்கும் கம்பெனி பஸ்களில் ஏறினால் ஓசூர், சேலம், திருநெல்வேலித் தமிழெல்லாம் காதில் விழும்.

அந்த பஸ்களில் ஒன்றில் போகும் நண்பர், ஓர் அமெரிக்கக் கம்பெனியின் மையத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மாதக் கடைசியில் அவர் வேலை இதுதான்: சம்பளம், கட்டட வாடகை, பஸ், கேன்டீன், கரண்டு பில் எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் ஒரு சதவீதம் லாபம் வைத்து, தாய்க் கம்பெனிக்கு பில் அனுப்புவது. "எங்க பில்லுக்குப் பேரம் பேச ஆளே கிடையாது" என்பார். அந்தச் சதவீதம் சந்தையில் முடிவாவதில்லை. வருமான வரித் துறை கேள்வி கேட்காத அளவு எது என்று பார்த்து வைக்கிறார்கள். இவ்வளவு லாபம் காட்டினால் கேள்வி இல்லை என்று சொல்பவை சேஃப் ஹார்பர் விதிகள். 2017இல் அரசு திருத்திய அந்த விதிகளில், மென்பொருள் சேவைக்கு 100 கோடி ரூபாய் வரை 17 சதவீதம், அதற்கு மேல் 200 கோடி வரை 18 சதவீதம் என்று இருந்தது. ஆக, இங்கே 100 ரூபாய் செலவழித்துச் செய்த வேலை ஏற்றுமதிக் கணக்கில் 117 ரூபாய் என்று ஏறும். அந்த மென்பொருள் வெளியே போய் ஆயிரம் ரூபாய் சம்பாதித்தாலும் 117தான், ஒன்றுமே சம்பாதிக்காமல் குப்பைக்குப் போனாலும் 117தான். இதில் மோசடி எதுவும் இல்லை, விதிப்படி சரியான கணக்கு. ஆனால் "பெங்களூர் இவ்வளவு மதிப்பு உருவாக்கியது" என்று அந்த எண்ணை வைத்துப் பேசும்போது, வரி விதி ஒன்றைத்தான் கொஞ்சம் சுற்றி வளைத்துப் படித்துக் காட்டுகிறோம்.

மீதி மதிப்பு எங்கே போகிறது? காப்புரிமையும் பதிப்புரிமையும் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அங்கே. அதன் உச்சம் அயர்லாந்து. 2015இல் அந்த நாட்டின் பொருளாதாரம் ஒரே வருடத்தில் 26.3 சதவீதம் வளர்ந்தது என்று அறிவிப்பு வந்தது. அங்கே புதிதாக ஊர் எழும்பவில்லை, கூட்டமும் கூடவில்லை. குறைந்த வரிக்காகப் பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியிருந்தன, விமானக் குத்தகைக் கம்பெனிகளின் விமானங்களும் சேர்ந்துகொண்டன. உலகமே சிரித்தது. அயர்லாந்துப் புள்ளியியல் அலுவலகம் சர்வதேச விதிகளை மீறவில்லை, அப்படியே பின்பற்றியது, அதனால்தான் இந்த எண் வந்தது. அப்புறம் அவர்களே திருத்தப்பட்ட தேசிய வருமானம் என்று வேறொரு அளவை உருவாக்கி, ஜிடிபியோடு சேர்த்து அதையும் வெளியிடத் தொடங்கினார்கள். 2016க்கு அந்த அளவு ஜிடிபியைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. தங்கள் எண்ணை அப்படியே நம்பாதீர்கள் என்று ஓர் அரசு அலுவலகமே சொன்னதை நான் பெரிய நேர்மையாகப் பார்க்கிறேன்.

சரக்கு வியாபாரத்திலும் இதே கதை உண்டு. 2009இல் சீனாவிலிருந்து போன ஒரு ஐபோனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் சீனத் தொழிலாளர்கள் பொருத்திக் கொடுத்ததற்கான பங்கு 6.50 டாலர் என்று ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சீனாவின் ஏற்றுமதிப் பட்டியலில் ஏறியதோ முழுத் தொகை. இப்போது ஓசூரைச் சுற்றியும் தேவனஹள்ளியிலும் அந்த வேலை நடக்கிறது. செல்போன் ஏற்றுமதி இத்தனை கோடி என்று தலைப்புச் செய்தி வரும்போது, உதிரி பாகங்களின் இறக்குமதி எவ்வளவு என்று பக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது நாட்டு எல்லையில் வரும் சிக்கல். எல்லைக்கு உள்ளே வரும் சிக்கலுக்கும் உலகச் சந்தைக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

2025 நவம்பர் 28 அன்று, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் இந்தியப் பொருளாதாரம் 8.2 சதவீதம் வளர்ந்தது என்று புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. விலை ஏற்றத்தைக் கழிக்காத வளர்ச்சி 8.7 சதவீதம். அதாவது நாட்டில் விலைகள் மொத்தமாக அரை சதவீதம்தான் ஏறின என்று அந்தக் கணக்கு சொல்கிறது. அதே மூன்று மாதத்தில் அதே அமைச்சகத்தின் சில்லறை விலைக் குறியீடு ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் ஏறியிருந்தது. அதே வாரத்தில் சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) இந்தியா பற்றிய தன் ஆண்டு ஆய்வறிக்கையில், ஜிடிபி உள்ளிட்ட தேசியக் கணக்குகளுக்கு 'சி' தரம் கொடுத்திருந்தது. உடனே ஒரு பக்கம் 'எல்லாம் பொய்' என்றார்கள், இன்னொரு பக்கம் 'வெளிநாட்டுச் சதி' என்றார்கள். இரண்டும் இல்லை. கணக்கில் குறைகள் இருக்கின்றன, அவை பொருளாதாரத்தைக் கண்காணிக்க ஓரளவு இடைஞ்சலாக இருக்கின்றன என்பதுதான் 'சி'க்குப் பொருள். எல்லாப் புள்ளிவிவரங்களையும் சேர்த்து இந்தியாவுக்குக் கிடைத்த தரம் 'பி'. நிதியம் சொன்ன குறைகளில், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டு அப்போதும் 2011-12ஆகவே இருந்தது ஒன்று. விலை ஏற்றத்தைக் கழிக்கும் முறை இன்னொன்று. இந்த இரண்டாவது விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 100 ரூபாய்க்கு உதிரி பாகம் விற்கிறது. இரும்பு, மின்சாரம் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். பட்டறை கூட்டிய மதிப்பு 40. மறு ஆண்டு அதே எண்ணிக்கை, அதே விலை, 100 ரூபாய்தான். ஆனால் உலகச் சந்தையில் இரும்பு விலை விழுந்ததால் செலவு 48 ஆகிறது. கூட்டிய மதிப்பு 52. விற்கும் பொருளின் விலை மாறவில்லை, எனவே விலை ஏற்றம் என்று கழிக்க எதுவும் இல்லை. 40 இருந்தது 52 ஆனது, 30 சதவீதம் 'உண்மையான' வளர்ச்சி! பட்டறையில் ஒரு திருகுகூடக் கூடுதலாகச் செய்யவில்லை. விற்பனையை விற்பனை விலையாலும், மூலப்பொருளை மூலப்பொருள் விலையாலும் தனித்தனியே சரிசெய்தால் வளர்ச்சி பூஜ்யம் என்று சரியாக வந்துவிடும். வளர்ந்த நாடுகளில் இப்படி இரண்டு முறை சரிசெய்வதுதான் வழக்கம். இந்தியாவில் 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் விவசாயம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றில் ஒரே முறைதான் சரிசெய்தார்கள். அதற்கும் பெரும்பாலும் மொத்த வியாபாரச் சந்தையின் விலைகளை அளக்கும் மொத்த விலைக் குறியீடுதான். அந்தக் குறியீட்டில் சேவைகளே கிடையாது. கச்சா எண்ணெய், உலோகங்கள் போன்ற உலகச் சந்தைப் பொருள்களோடு அது ஏறி இறங்கும். 2014 கடைசியில் எண்ணெய் விலை சரிந்தபோது மொத்த விலைக் குறியீடு தொடர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்தல் எண்ணிலேயே இருந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்தால் நம் கணக்கில் வளர்ச்சி உப்பும், விலை ஏறினால் சுருங்கும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் 2019இல், 2011-12க்கும் 2016-17க்கும் இடையே வளர்ச்சி ஆண்டுக்கு 2.5 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டப்பட்டது என்று வாதிட்டார். அவர் சொன்ன அளவு அதிகம் என்று பலர் மறுத்தார்கள், எனக்கும் அது அதிகம் என்றே படுகிறது. ஆனால் அவர் காட்டிய திசையை மறுப்பது கஷ்டம்.

பட்டறை என்றதும் இன்னொன்று. மேலே சொன்ன கணக்கு என் கற்பனை, ஆனால் பீன்யாவில் அப்படி ஒரு பட்டறைக்காரரை எனக்குத் தெரியும். தர்மபுரிப் பக்கத்துக்காரர். நான்கு லேத், ஆறு ஆட்கள். ஜாப் ஒர்க்தான். அவர் செய்யும் பாகம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போகிறது. கம்பெனிப் பதிவு கிடையாது. ஸ்கிராப் விற்ற காசு ஆட்களின் டீ, டிபனுக்குப் போய்விடும், எந்தப் புத்தகத்திலும் ஏறாது. வருமானம் எவ்வளவு என்று யார் கேட்டாலும் "அது மாசத்துக்கு மாசம் மாறும் சார்" என்பதுதான் பதில்.

நாட்டின் ஜிடிபியில் ஏறக்குறைய பாதி இவரைப் போன்ற அமைப்புசாராத் துறையிலிருந்து வருகிறது என்பது பொதுவான மதிப்பீடு. இவர்களை ஒவ்வொரு காலாண்டும் யாரும் போய்க் கேட்பதில்லை. 2011-12 தொடரில், 2010-11இல் எடுத்த மாதிரி ஆய்வை அடிப்படையாக வைத்து, அதன் பிறகு பெரிய கம்பெனிகளும் வரிக் கணக்குகளும் எந்த வேகத்தில் வளர்ந்தனவோ, பெரும்பாலும் அதை ஒட்டியே சிறியவர்களும் வளர்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். சாதாரணக் காலத்தில் இது பெரிய தப்பில்லை. பெரியவர்களும் சிறியவர்களும் எதிரெதிராகப் போனால்தான் வம்பு.

2016 நவம்பரில் அதுதான் நடந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது. பீன்யாக்காரரின் நான்கு லேத்தில் இரண்டு நின்றன. வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுக்க முடியாமல் ஆட்களை ஊருக்கு அனுப்பினார். அவரிடம் வர வேண்டிய வேலை, வங்கிக் கணக்கும் பெரிய கட்டடமும் உள்ளவரிடம் போனது. பெரியவர் வளர்ந்தார். பெரியவர் வளர்ந்ததால், விதிப்படி, இவரும் வளர்ந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. அந்த 2016-17க்கு முதலில் 7.1 சதவீதம் என்று சொல்லி, 2019 ஜனவரியில் அதை 8.2 ஆகத் திருத்தினார்கள். பணமதிப்பிழப்பு ஆண்டு அந்தத் தொடரிலேயே மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தப் பெரிய கம்பெனிகளின் பட்டியலும் சுத்தமில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் 2016-17இல் நேரில் தேடிப் போனார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடியிருந்தன, முகவரியில் இல்லை, அல்லது சொன்ன தொழிலைச் செய்யவில்லை. இது 2019 மே மாதம் அரசின் சொந்த அறிக்கையிலேயே வெளிவந்தது.

இனி, எண்ணுகிற ஆட்களின் பக்கம். வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போகும் ஒரு பெண்ணிடம் பேசினேன். கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகும் ஒப்பந்த ஊழியர். ஸ்ரீராமபுரத்தில் தமிழ்க் குடும்பங்களிடம் பேசுவது சுலபம், உட்காரவைத்துக் காபி கொடுத்துக் கதையும் சொல்வார்கள் என்றார். பெல்லந்தூர் அடுக்குமாடிகளில் வாசலைத் தாண்டுவதே பெரிய பாடு. காவலாளி செயலியில் வீட்டு எண்ணைத் தட்டுவார், மேலிருந்து 'வேண்டாம்' என்று வரும், அவ்வளவுதான். அரசு அடையாள அட்டை காட்டினாலும் சாப்பாடு டெலிவரி பையனுக்கு இருக்கும் மரியாதை இவருக்குக் கிடையாது. மறுத்த வீட்டுக்குப் பதில் வேறு வீடு எடுத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஆனால் மறுப்பவர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆட்களாக, பணம் உள்ளவர்களாக இருந்தால், பதில் வீடு அந்த ஓட்டையை அடைக்காது. எந்த ஊரில் எத்தனை பேர் என்பதற்கும் ஆதாரம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அதற்குப் பிறகு பெருத்த ஒயிட்ஃபீல்டை நினைத்துப் பாருங்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

பெங்களூரில் மட்டும் இந்தக் கதவு மூடவில்லை. பிரிட்டனின் வேலைவாய்ப்பு ஆய்வில் 2023இல் பதில் சொன்னவர்கள் 17 சதவீதம் அளவுக்கு இறங்கி, அந்த ஆய்வின் எண்களையே சில மாதம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

எண்ணே வராமல் போவதற்கு நம்மிடமும் உதாரணம் உண்டு. அதற்குக் காரணம் வேறு. 2017-18 வேலைவாய்ப்பு ஆய்வு வேலையின்மை 6.1 சதவீதம் என்றது. அந்த அறிக்கையை வெளியிடவில்லை என்று சொல்லி, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். தேர்தல் முடிந்து மே 31 அன்று அதே எண் அதிகாரப்பூர்வமாக வந்தது. அதே 2017-18க்கான குடும்பச் செலவு ஆய்வு வரவே இல்லை. தரம் சரியில்லை என்று அரசு 2019 நவம்பரில் கைவிட்டது. கசிந்த அறிக்கையில், விலை ஏற்றம் கழித்த தலைக்குச் செலவு ஆறு வருடத்தில் 3.7 சதவீதம் குறைந்திருந்தது. இதன் விளைவு வெறும் அரசியல் சர்ச்சையோடு நிற்கவில்லை. செலவு ஆய்வை வைத்துத்தான் சில்லறை விலைக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்று முடிவாகும். புதிய ஆய்வு இல்லாததால், ஜனங்கள் 2011-12இல் வாங்கியதைத்தான் இன்னமும் வாங்குகிறார்கள் என்று வைத்தே விலைவாசி அளக்கப்பட்டது. சாப்பாட்டுக்கு 45.86 சதவீத எடை. பட்டியலில் டிவிடி பிளேயரும் கேசட்டும் இருந்தன. இந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் ரிசர்வ் வங்கி வட்டியை முடிவு செய்கிறது. வீட்டுக் கடன் தவணை கட்டுகிற ஒவ்வொருவரையும் அந்த டிவிடி பிளேயர் தொட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், திருத்தப்படும் எண்ணைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். எந்த நாட்டிலும் முதல் மதிப்பீடு அவசரக் கணக்குதான். அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 1 அன்று முந்தைய இரண்டு மாத வேலைவாய்ப்பு எண்ணை 2.58 லட்சம் குறைத்துத் திருத்தினார்கள். அன்றே புள்ளியியல் தலைவர் எரிகா மெக்கென்டார்ஃபரை டிரம்ப் பதவி நீக்கினார். கிரீஸில் நடந்தது இன்னும் விசித்திரம். 2009இன் அரசு பட்ஜெட் பற்றாக்குறையை மறைத்துக் காட்டியவர்களை விட்டுவிட்டு, அது ஜிடிபியில் 15.4 சதவீதம் என்று சரியாகக் கணக்கிட்ட புள்ளியியல் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியோ மேல் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். அர்ஜென்டினா 2007 முதல் பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டியது. 2013இல் சர்வதேச நிதியம் அதைக் கண்டிக்கும் வரை போனது. இந்த மூன்றில் அர்ஜென்டினாவில் நடந்தது அப்பட்டமான திரித்தல். மற்ற இரண்டில் எண் சரியாகத் திருத்தப்பட்டதற்குத்தான் தண்டனை. அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் எதைத் திருத்தத் துணிவார்?

இந்தியாவில் நிலைமை இப்போது கொஞ்சம் மாறுகிறது. 2022-23க்கும் 2023-24க்கும் செலவு ஆய்வுகள் வந்துவிட்டன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கேள்வி கேட்டு அலுக்கவைக்காமல், மூன்று தடவை போய்க் கேட்கும் முறை வந்திருக்கிறது. பதிவு பெறாத சிறு தொழில்களுக்கு இப்போது ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறது, பீன்யாக்காரர் வளர்ந்தாரா தேய்ந்தாரா என்பதைப் பெரிய கம்பெனியைப் பார்த்து ஊகிக்க வேண்டிய அவசியம் குறையும். 2022-23ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய ஜிடிபி தொடரில் விலையை இரண்டு பக்கமும் தனித்தனியே சரிசெய்யும் முறையை விரிவாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடிப்படை ஆண்டை மாற்றினால் பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திரும்பக் கணக்கிட வேண்டும். போன தடவை அது பெரிய ரகளையாகிவிட்டது. 2010-11இன் வளர்ச்சி பழைய தொடரில் 10.3 சதவீதம். 2018 ஆகஸ்டில் ஒரு நிபுணர் குழு அது 10 சதவீதத்துக்கு மேல் என்றே சொன்னது. மூன்று மாதம் கழித்து அரசு வெளியிட்ட அதிகாரப்பூர்வத் திருத்தத்தில் 8.5. இந்தத் தடவை பழைய ஆண்டுகளின் எண்கள் வெளியாகும்போது எல்லாரும் முதலில் தேடப்போவது அண்மைய வருடங்களின் வளர்ச்சியைத்தான். நான் முதலில் பார்க்கப்போவது 2016-17. சிறு தொழில்களை நேரடியாக எண்ணிய பிறகும் அந்த ஆண்டு 8 சதவீதத்தைத் தாண்டி நிற்குமா?